கட்டி வைத்ததை அவிழ்த்துப் பார்த்தோமா?

ஓலைச்சுவடி கட்டியவர்கள் ஏடுகளை ஒழுங்காக அடுக்கி, மேலும் கீழும் சட்டம் வைத்து, துளையில் கயிறு கோத்துக் கட்டினார்கள். கணனியில் அந்த வேலையைச் செய்வது 'டார்' என்ற கட்டளை. 1979இல் பெல் ஆய்வுகூடத்தின் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. காந்த நாடாவில் கோப்புகளைச் சேமிப்பதற்கென உருவானதால் 'டேப் ஆர்கைவ்' என்பதன் சுருக்கமே பெயராயிற்று. பல்லாயிரம் கோப்புகளை அது ஒரே கட்டாக்கும். ஒவ்வொன்றின் உரிமையாளர், அனுமதி, திகதி ஆகியவற்றையும் கூடவே எழுதி வைக்கும்.

நான் படிப்பிக்கும் பாடசாலையில் லினக்ஸ் கணனி ஒன்று உண்டு. ஊர்க் குடும்பங்கள் தந்த அரபுத் தமிழ்க் கிதாபுகளையும் பழைய சஞ்சிகைகளையும் ஸ்கேன் செய்து அதில் வைத்திருக்கிறோம். மூலப் பிரதிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சில கறையான் அரித்தவை. இன்னொரு முறை கைக்குக் கிடைக்குமா என்பது சந்தேகம். அந்தக் கணனி ஒருநாள் எழும்பாமல் போனால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்காகத்தான் டார் கட்டளைக்கு ஓர் உறை எழுதினேன்.

உறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாம் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் மென்பொருள் ஷெல். அக்கட்டளைகளை வரிவரியாக ஒரு கோப்பில் எழுதினால் அது ஷெல் ஸ்கிரிப்ட். டாரைச் சுற்றி அப்படி எழுதியதே உறை. அது ஐந்து விடயங்களைக் கவனிக்கிறது.

முதலாவது, எதைக் கட்டக்கூடாது என்பது. 'ப்ரொக்', 'சிஸ்' என்ற கோப்புறைகளில் தெரிபவை வட்டில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணனியின் அப்போதைய நிலையைத்தான் அவை காட்டுகின்றன. அவற்றைக் கட்டிப் பயனில்லை. கட்டுகள் போய்ச் சேரும் கோப்புறையையும் விலக்க வேண்டும். இல்லாவிட்டால் நேற்றைய கட்டு இன்றைய கட்டுக்குள் ஏறி, நாளுக்கு நாள் ஊதிப் பெருக்கும்.

இரண்டாவது, பெயர். வேலை முடியும்வரை தற்காலிகப் பெயர். முழுதாக முடிந்த பிறகே நாளிட்ட பெயர். 2022இன் மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. இடையில் கரண்ட் போனாலும் அரைகுறைக் கட்டை முழுக் கட்டு என்று யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவதுதான் பலரும் கோட்டை விடும் இடம். முடியும்போது டார் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ டாரில் 0 என்றால் சரி. 1 என்றால் கட்டும்போதே ஏதோ ஒரு கோப்பு மாறிவிட்டது. 2 என்றால் பாரதூரமான பிழை. ஸ்கிரிப்டின் கடைசி வரி 'முடிந்தது' என்று ஒரு செய்தியைக் காட்டுவதாக இருந்தால், அந்த வரி வெற்றி பெற்றதால் முழு ஸ்கிரிப்டும் 0 என்றே சொல்லும். டார் சொன்ன 2 அதற்குள் மறைந்துபோகும். ஆகவே டார் முடிந்த அடுத்த வரியிலேயே எண்ணைப் பிடித்து வைக்க வேண்டும். 1 வந்தால் என் உறை பதிவேட்டில் எச்சரிக்கை எழுதும். 2 வந்தால் பெயரை மாற்றாமல் நின்றுவிடும். டாரைக் குழாய்வழியே 'ஜிசிப்' சுருக்கியோடு இணைத்தாலும் இதே சிக்கல்தான். பாஷ் ஷெல் இயல்பாகக் கடைசிக் கட்டளையின் எண்ணையே பார்க்கும். 'பைப்ஃபெயில்' என்ற தெரிவைப் போட்டால் இடையில் வந்த தோல்வியும் வெளியே தெரியும்.

நான்காவது, உரிமையாளர். மீட்பு நாளில் யூஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸை எழுப்பித்தான் கட்டை அவிழ்ப்போம். அங்கே அதே பயனர் பெயருக்கு வேறு இலக்கம் இருக்கலாம். பெயரை நம்பி அவிழ்த்தால் கோப்புகள் யாரோ ஒருவரின் உடைமையாகிவிடும். அதனால் பெயரை விட்டு இலக்கத்தையே எடுக்கும்படி டாரிடம் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, இடம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மறுபிரதி இல்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. ஒரே கட்டடத்தில் எத்தனை பிரதி இருந்தாலும் ஒரு தீக்கு அவை ஒன்றுதான். உறை கட்டை வெளிவட்டுக்குப் பிரதி செய்து, இரண்டின் 'ஷா256' சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிடும். அதன்பின் வட்டு வேறொரு வீட்டுக்குப் போகும்.

இவ்வளவு செய்தும், அவிழ்த்துப் பார்க்காத கட்டை நம்ப முடியாது. மாதமொருமுறை வெறும் கோப்புறை ஒன்றில் அவிழ்த்து மூலத்தோடு ஒப்பிடுகிறோம். உயர்தர மாணவர் இருவர் கைபோன போக்கில் பத்துப் பக்கங்களைத் திறந்து வாசித்தும் பார்க்கிறார்கள். கோப்பு இருப்பது வேறு, அதிலுள்ள எழுத்தை வாசிக்க முடிவது வேறு. உங்கள் ஊரிலும் இப்படியொரு சேகரிப்பு இருந்தால், கடைசியாக எப்போது அவிழ்த்துப் பார்த்தீர்கள் என்று பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள்.