லே ரும்ப் தோட்டம்: அண்ணனும் தங்கையும்

கடலைப் பார்த்த இந்த வீட்டுத் தோட்டத்தை உருவாக்கியவர் மதலேன் டியோர். அவருடைய மகன், ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் (1905–1957), விதைப் பட்டியல்களைப் படித்துப் பூக்களின் பெயர்களை மனப்பாடம் செய்தது இங்கே வளர்ந்த நாட்களில்தான். 1931இல் தாய் இறந்தார். உரத் தொழில் செய்த தந்தையின் செல்வமும் கரைந்தது. பின்னர் வீடு கைமாறியது.

ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி கத்தரின், கிறிஸ்டியனுக்கு 12 வயது இளையவர். 1941இல் கான் நகரில் வானொலிப் பெட்டி வாங்கப் போனபோது எர்வே தே ஷார்பொன்னெரியைச் சந்தித்தார். எர்வே மணமானவர், மூன்று பிள்ளைகளின் தந்தை. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசிய அமைப்பில் இருந்தவர். காதலோடு அந்த ஆபத்தான பணியையும் கத்தரின் ஏற்றுக்கொண்டார். 1944 ஜூலையில் பாரிசில் பிடிபட்டார். சித்திரவதை செய்தும் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ராவன்ஸ்புருக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, 1945 மே மாதம் உருக்குலைந்து திரும்பினார். அதன்பின் எர்வேயுடன் சேர்ந்து பூ வியாபாரம் செய்தார். இறுதிவரை இருவரும் பிரியவில்லை.

1947இல் கிறிஸ்டியன் வெளியிட்ட முதல் வாசனைத் திரவியம் ‘மிஸ் டியோர்’. அந்தப் பெயருக்குரியவர் கத்தரின். அண்ணனின் புகழுக்குச் சற்றும் குறையாத வாழ்க்கை இவருடையது. தம்மை வதைத்தவர்களுக்கு எதிராக 1952இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2008இல் காலமானார்.