குழந்தையின் மூக்கில் குடியிருக்கும் கிருமி

நோயுற்றவரிடந்தான் நோய்க்கிருமி இருக்கும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். கொடிய கிருமிகளுக்கு ஆஸ்பத்திரியே இருப்பிடம் என்றும் நாம் கருதுகிறோம். ஆனால், ஓடியாடி விளையாடும் குழந்தையின் மூக்கிலே, பல மருந்துகளுக்கு அடங்காத கிருமியொன்று யாதொரு துன்பமும் செய்யாமல் தங்கியிருத்தல் கூடும். அதன் வரலாற்றையும், அதனால் நமக்கு உண்டாகும் கடமையையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

இக்கிருமியின் பெயர் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரண வைத்தியர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன், 1880ஆம் ஆண்டையொட்டி, கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்பெருக்கியின் வழியே நோக்கி, குலை குலையாகத் திரண்டிருந்த இவற்றைக் கண்டார். 'ஸ்டாஃபிலே' என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் திராட்சைக் குலை என்பது பொருள். வளர்க்குமிடத்துப் பொன்னிறம் காட்டுவதால் 'ஆரியஸ்' என்னும் லத்தீன் அடைமொழியும் சேர்ந்தது. மனிதருள் ஏறத்தாழப் பத்தில் மூவருடைய மூக்கில் இது வாழ்கிறது. மூக்கில் உள்ளவரை இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. தோலில் ஏற்பட்ட கீறலின் வழியே உட்புகுந்தால் கொப்புளமும் கட்டியும் தோன்றும். இரத்தத்திலோ நுரையீரலிலோ பரவினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

1928இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்தது இவ்வினக் கிருமியை வளர்த்த தட்டில்தான். 1940களில் அம்மருந்து வழக்கத்திற்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் கிருமிகள் ஆஸ்பத்திரிகளில் பெருகின. அந்நொதியால் சிதையாத மெத்திசிலின் 1959இல் உருவாயிற்று. 1961லேயே அதற்கும் அடங்காத கிருமி பிரிட்டனில் காணப்பட்டது.

இஃது எவ்வாறு இயலும்? கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டு வாழ்வது. பென்சிலின் இன மருந்துகள் அச்சுவரைக் கட்டும் கொத்தனின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. எதிர்ப்புப் பெற்ற கிருமியோ, அப்பிடிக்குள் அகப்படாத வேறொரு கொத்தனை வைத்து வேலையை முடித்துவிடுகிறது.

நெடுங்காலம் இது ஆஸ்பத்திரித் தொல்லையாகவே எண்ணப்பட்டது. அவ்வெண்ணத்தைக் குலைத்தது அமெரிக்காவில் நேர்ந்த துயரம். மினசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் 1997 முதல் 1999 வரை நான்கு குழந்தைகள் இக்கிருமியால் மாண்டனர். நால்வரும் முன்னர் நலமாக இருந்தவர்கள். அவர்களுள் சிலருக்கு முதலில் அளித்த மருந்து பலிக்கவில்லை.

நம் நாட்டிலும் இது காணப்படுகிறது. மத்தியப் பிரதேசத்து உஜ்ஜயினியில், ஐந்து வயதுக்குட்பட்ட 1,562 குழந்தைகளைச் சோதித்த முடிவு 2010இல் வெளியாயிற்று. நூற்றுக்கு ஆறு குழந்தைகளின் மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருந்தது. பொதுக்கணக்கை நோக்க இது குறைவே. எனினும், அவ்வாறு கிடைத்த கிருமிகளுள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெத்திசிலினுக்கு அடங்காதவை. மழலையர் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளிடமும், பத்துப் பேருக்கு மேற்பட்ட குடும்பத்துக் குழந்தைகளிடமும் கிருமி மிகுதியாக இருந்தது. நெருங்கிப் பழகுமிடத்தில் அது கைக்குக் கை தாவுகிறது.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. குழந்தையை ஒதுக்குவதும் தகாது. மூக்கில் கிருமி இருப்பது மட்டும் நோயாகாது. அதற்கென மருந்து கொடுப்பதும் பொதுவாகத் தேவையில்லை. சோப்பிட்டுக் கை கழுவுதல், புண்ணைத் துணியால் மூடி வைத்தல், துண்டு முதலியவற்றை ஆளுக்கொன்றாகக் கொள்ளுதல், கட்டியைப் பிதுக்காதிருத்தல் ஆகிய எளிய பழக்கங்களே நல்ல காவல். கட்டி பெருத்தாலோ, காய்ச்சலோடு மூச்சுத்திணறலோ சோர்வோ கண்டாலோ டாக்டரிடம் காலதாமதமின்றிக் காட்ட வேண்டும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனியானதொரு சங்கடம் உண்டு. குழந்தையின் உபாதையை ஹிந்தியிலோ மராத்தியிலோ டாக்டரிடம் விளங்கச் சொல்ல மாட்டாமல், மருந்துக்கடையில் பெயர் தெரிந்த மாத்திரையைக் கேட்டு வாங்கிவிடுகிறோம். ஊரிலிருந்து வந்த மிச்ச மாத்திரையைச் சளிக்குக் கொடுக்கிறோம். சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் மருந்து அதை அணுகாது. மாறாக, உடம்பிலுள்ள அடங்கும் கிருமிகளை அழித்து, அடங்காதவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கும். மொழி தெரிந்த அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்வதில் வெட்கமில்லை. முன்பு உட்கொண்ட மருந்துகளின் சீட்டையும் கையோடு கொண்டு செல்வோம். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டரின் சீட்டின்றி அதை வாங்கலாகாது என்பதை நினைவிற் கொள்வோம்.

இம்மருந்துகள் ஊருணி நீரைப் போல அனைவருக்கும் பொது. நம் வீட்டுக் குழந்தைக்கோ அடுத்த வீட்டுக் குழந்தைக்கோ அவை மெய்யாகவே தேவைப்படும் நாளில் பலிக்க வேண்டுமானால், தேவையற்ற நாளில் அவற்றைத் தொடாதிருப்பதே நாம் செய்யத்தக்கது.