ஓடுபாதையில் சொல்லக்கூடாத சொல்

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதை முனையிலிருந்த கே.எல்.எம். ஜம்போ விமானத்திலிருந்து, 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்று ஒரு குரல். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று எண்ணிய கட்டுப்பாட்டுக் கோபுரம் 'ஓகே' என்றது. விமானமோ ஓடத் தொடங்கிவிட்டது! 'காத்திருங்கள், கூப்பிடுகிறேன்' என்று கோபுரம் தொடர்ந்து சொன்னதும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று அதே ஓடுபாதையிலிருந்த பான் ஆம் விமானம் பதறியதும் ஒரே அலைவரிசையில் மோதி, கீச்சொலியாகிப் போயின. விமானங்கள் ஒன்றோடொன்று மோதின; இரண்டிலும் சேர்த்து 583 உயிர்கள் பறிபோயின.

அதன்பின் விதி இறுகியது. புறப்பட அனுமதி தரும்போதும், அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே 'டேக்-ஆஃப்' என்ற சொல் வரலாம். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'. அனுமதிக்கு வெறும் 'ஓகே', 'ரோஜர்' என்று பதில் சொன்னால் போதாது. ஓடுபாதை எண்ணோடு விமானி அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். பிசகினால் கோபுரம் அங்கேயே திருத்தும். எண்களிலும் இதே கவனம்தான்: இரைச்சலில் 'ஃபைவ்' என்று காதில் விழுந்துவிடாதபடி, ஒன்பதை 'நைனர்' என்றே உச்சரிக்கிறார்கள்.