நடக்கவே சிரமம்... ஆனாலும் ஆல்பம் போட்ட ஓஸி ஆஸ்பர்ன்! எப்படி சாத்தியமானது?

2019-ல் வீட்டில் தடுமாறி விழுந்தார் 'பிளாக் சபாத்' பாடகர் ஓஸி ஆஸ்பர்ன். 2003 குவாட் பைக் விபத்தின் பழைய காயம் மறுபடி மோசமாக, முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சைகள். 2020-ல், தனக்கு பார்கின்சன் நோய் இருப்பதையும் வெளியே சொன்னார். சுற்றுப்பயணங்கள் ரத்தாகின.

ஆனா 2022 செப்டம்பரில், 73 வயதில், 'பேஷன்ட் நம்பர் 9' வெளியானது. அவரது 13-வது தனி ஆல்பம்!

எப்படி? கச்சேரின்னா மணிக்கணக்கில் நிற்கணும், ஊர் ஊரா போகணும். ஸ்டுடியோவில் அந்தத் தொல்லை இல்லை. உட்கார்ந்தபடியே, சரியா வரும் வரை ஒவ்வொரு வரியாகப் பாடலாம். கிதார், டிரம்ஸை தனியாகப் பதிவு செய்து பிறகு சேர்த்துக்கலாம்.

தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட். கிதாருக்கு எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக். இவங்களை விட முக்கியமானவர் டோனி அயோமி. 1979-ல் ஓஸியை வெளியேற்றிய அதே 'பிளாக் சபாத்'தின் கிதாரிஸ்ட்; ஓஸியின் தனி ஸ்டுடியோ ஆல்பத்தில் அவர் வாசித்தது இதுதான் முதல் முறை. அந்த 'டிகிரடேஷன் ரூல்ஸ்' பாடலுக்கு 2023-ல் கிராமி கிடைத்தது. சிறந்த ராக் ஆல்பம் விருதும் இதுக்குத்தான்.

2025 ஜூலை 5 அன்று, சொந்த ஊரான பர்மிங்காமில் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தே கடைசியாகப் பாடினார். 17 நாளில் காலமானார். அவர் உயிரோடு இருந்தபோது வெளியான கடைசி தனி ஸ்டுடியோ ஆல்பம் 'பேஷன்ட் நம்பர் 9'தான்.