ஆஸ்கார் ஏன் சாப்பிடவில்லை?

உங்கள் வீட்டுத் தொட்டியில் வளரும் பெரிய ஆஸ்கார் மீன், இரை போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? பதறிப்போய் மேலும் மேலும் இரை போடாதீர்கள்!

நம்ம ஏரிகளில் கிடைக்கிற ஜிலேபி மீனுக்குச் சொந்தக்காரன்தான் இந்த ஆஸ்கார். நன்றாக வளர்ந்த ஆஸ்கார் சில நாள் பட்டினியைத் தாங்கும். கெட்டுப்போன தண்ணீரைத் தாங்காது. தின்னாமல் கிடக்கும் இரை அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். மீனுக்கு இருக்கிற பசியும் போய்விடும்.

அதனால், முதலில் மிச்ச இரையை எடுத்துவிடுங்கள். தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால், ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அப்புறமும் மீன் மெலிந்துகொண்டே போனால், கால்நடை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்!