மார்க்கெட் ஆடினால் உடம்பும் ஆடும்!

'பையன் லண்டன்ல பேங்க்ல இருக்கான்' என்று பெருமையாகச் சொல்வீர்கள். 'பேங்க்ல என்ன வேலை?' என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டால்தான் சிக்கல்! 'ஜூனியர் குவான்டிடேட்டிவ் வாலட்டிலிட்டி ஸ்ட்ரக்சரர்' என்று வாய்க்குள் நுழையாத பெயர். கேஷ் கவுன்ட்டரும் இல்லை, லோன் கொடுக்கிற வேலையும் இல்லை. அப்புறம் ஏன் போனில் இப்படி எரிந்து விழுகிறான்? வேலையைப் புரிந்துகொண்டால் அவன் உடம்பும் புரிந்துவிடும்.

அது என்ன வேலை?

தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்க கிலோ 38, 40, 42 என்று போனால் கவலையில்லை. இன்றைக்கு 20, நாளைக்கு 80, மறுநாள் 35 என்றால் ஓட்டல்காரர் தலையில் கை வைத்துவிடுவார். விலை ஏறுவது, இறங்குவது வேறு. எவ்வளவு ஆடுகிறது என்பது வேறு. இந்த ஆட்டத்தின் பெயர்தான் 'வாலட்டிலிட்டி'.

'ஐம்பது ரூபாய்க்கு மேல் போனால் மிச்சத்தை நான் தருகிறேன்' என்று ஒருவர் ஓட்டல்காரருக்கு வாக்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஆட்டம் கூடினால் அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார், இல்லையா? பங்குச் சந்தையில் இப்படிப்பட்ட ஒப்பந்தம்தான் 'ஆப்ஷன்'. அதற்கு விலை போடும் சூத்திரத்தை 1973-ல் பிளாக், ஷோல்ஸ் என்ற இருவர் வெளியிட்டார்கள். ஆட்டத்தை அளக்க 'விக்ஸ்' என்ற குறியீடு 1993-ல் சிகாகோவில் வந்தது.

பென்ஷன் நிதி, இன்ஷூரன்ஸ் கம்பெனி போன்றவர்களுக்கு இந்த ஒப்பந்தங்களைக் கோத்துத் திட்டம் போட்டுக் கொடுப்பவர் ஸ்ட்ரக்சரர். பல வருட விலைகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, 'இந்தத் திட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று கணக்குப் பார்ப்பது ஜூனியரின் பாடு.

பழைய கணக்கு எப்போதும் கைகொடுக்காது. 2018 பிப்ரவரி 5 அன்று விக்ஸ் ஒரே நாளில் 17-லிருந்து 37-க்குத் தாவியது. 'சந்தை அமைதியாகவே இருக்கும்' என்று நம்பிப் போட்ட ஒரு முதலீட்டுத் திட்டம் 90 சதவீதத்துக்கு மேல் மதிப்பை இழந்தது. கொரோனா நேரத்தில், 2020 மார்ச் 16 அன்று, விக்ஸ் 82-ஐத் தாண்டி முடிந்தது!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

லண்டனில் பங்கு வர்த்தகம் செய்யும் 17 ஆண்களின் எச்சிலை எட்டு வேலை நாட்கள் சோதித்து, கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். சந்தையும், அவர்களுடைய லாப நஷ்டமும் எவ்வளவு நிலையில்லாமல் ஆடியதோ, அந்த அளவுக்கு 'கார்டிசால்' என்ற ஹார்மோன் ஏறியது. சிறிய ஆராய்ச்சிதான். ஆனாலும் விஷயம் முக்கியம்: நாளைக்கு என்ன ஆகுமோ என்ற நிச்சயமின்மையே உடம்பை உலுக்கிவிடுகிறது.

கார்டிசால் கெட்டதல்ல. அவசரத்துக்குத் தெம்பு தருவதே அதுதான். வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால்தான் தொல்லை. தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், எரிச்சல் வரும். கூடவே நீண்ட வேலை நேரம். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் எச்சரித்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* இரவு எட்டு மணிக்குப் போன் போடாதீர்கள். குளிர்காலத்தில் அப்போது லண்டனில் மதியம் இரண்டரை. நியூயார்க் சந்தை திறக்கிற நேரம்! கோடையில் நம் ஊர் ஏழு மணிக்கே திறந்துவிடும். வார நாளில் அவசரமில்லாத பேச்சு வேண்டாம். சனி, ஞாயிறில் நிதானமாகப் பேசுங்கள்.

* 'போனஸ் எவ்வளவு?' என்று ஆரம்பிக்காமல், 'நேத்து தூங்கினியாப்பா?' என்று கேளுங்கள். ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

* மதியத்துக்கு மேல் காபி வேண்டாம் என்று சொல்லுங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறக்குறையப் பாதி காஃபின் ரத்தத்தில் இருக்கும்.

* அங்கே 'ஜி.பி.' எனப்படும் குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்திருக்கிறானா என்று விசாரியுங்கள். உடம்பு சரியாக இருக்கும்போதே பதிந்து வைப்பது நல்லது.

எப்போது உஷாராக வேண்டும்?

லீவு நாளிலும் தூக்கம் வராமை, திடீர் எடைக் குறைவு, தினமும் குடி, 'எதுவுமே பிடிக்கலைம்மா' என்ற பேச்சு இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வையுங்கள். நெஞ்சுவலி என்றாலோ, 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற வார்த்தை வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

'இவ்வளவு சம்பளத்தை விட்டுடாதேப்பா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாங்க முடியாவிட்டால் வேறு பிரிவுக்கோ, வேறு வேலைக்கோ மாறலாம். அப்பா, அம்மா என்ன சொல்வார்களோ என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. 'முடியலைன்னா சொல்லு, பார்த்துக்கலாம்' என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.