மடலாக வந்து மாளிகையான கதை: சீனாவின் வீசாட்

மனத்திலுள்ளதைத் தொலைவிலுள்ளோருக்கு அறிவிக்க வேண்டுமென்னும் அவா மனிதனுக்கு இன்று நேற்று உண்டானதன்று. ஓலையும், தபாலும், தந்தியும், தொலைபேசியும் அவ்வவாவின் குழந்தைகளே. இவற்றுட் சில பிற தொழில்களையுஞ் சிறிது செய்ததுண்டு. தபாற் கந்தோர் காசுக்கட்டளை அனுப்பவில்லையா? எனினும், சந்தைக்குப் போகிறவனும் வைத்தியரிடம் போகிறவனும் முதலில் தபாற் கந்தோரின் வாயிலைக் கடந்தே போதல் வேண்டுமென்று எந்நாட்டிலும் வழக்கமிருந்ததில்லை.

இன்றைய சீனாவிலோ ஏறத்தாழ அந்நிலையே உருவாகியிருக்கிறது. அங்கே 'வெய்சின்' என்றும், பிற நாடுகளில் 'வீசாட்' என்றும் வழங்கும் கையடக்கத் தொலைபேசிச் செயலி, 2011ஆம் ஆண்டு செய்தி அனுப்புஞ் சிறு கருவியாகத் தோன்றியது. 2024ஆம் ஆண்டின் முடிவில் மாதந்தோறும் அதனைப் பயன்படுத்துவோர் தொகை 138 கோடியாயிற்று. கடிதம், பணப்பை, சந்தை, பத்திரிகை, அரசாங்கக் கந்தோர் ஆகிய யாவும் இன்று அதனுள் அடக்கம். ஒரு சிறு விதை இத்துணைப் பெரிய விருட்சமானது எங்ஙனம்? அதன் நிழலில் வாழ்வோர் பெற்றது யாது, இழந்தது யாது? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

பென்குயின் பிறந்தது

இக்கதை வீசாட்டிற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்குகிறது. ஹொங்கொங்கிற்கு அயலேயுள்ள ஷென்சென் 1980இல் விசேட பொருளாதார வலயமாக்கப்பட்டு, விரைந்து வளர்ந்த நகரம். அந்நகரப் பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானம் பயின்று 1993இல் வெளியேறிய மா ஹுவாடெங் என்பவர், 'பேஜர்' எனப்படும் அழைப்புக் கருவிச் சேவையை நடத்திய கம்பனியொன்றிற் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1998 நவம்பரில் நண்பர் நால்வருடன் சேர்ந்து டென்சென்ட் என்னுங் கம்பனியைத் தொடங்கினார்.

இஸ்ரேலிய இளைஞர் சிலர் 1996இல் உருவாக்கிய 'ஐ.சீ.கியூ.' என்னும் உடன்செய்திக் கருவி உலகெங்கும் புகழ் பெற்றிருந்த காலம் அது. அதனைப் பார்த்து 1999 பெப்ரவரியில் டென்சென்ட் வெளியிட்டதே 'ஓ.ஐ.சீ.கியூ.'. பெயரிலேயே போலித்தன்மை துலங்கியமையால், மூலக் கருவிக்கு அப்போது உரிமை பூண்டிருந்த அமெரிக்கக் கம்பனி ஆட்சேபித்தது. பெயர் 'கியூ கியூ' என மாறிற்று. கழுத்திற் சிவப்புச் சால்வை சுற்றிய பென்குயின் பறவையொன்று அதன் சின்னமாயிற்று.

போலி மூலத்தை வென்றது எவ்வாறு? அன்றைய சீனத்து இளைஞரிற் பெரும்பாலாருக்குச் சொந்தக் கணினி இல்லை. மணிக்கணக்கிற் காசு கொடுத்து இணையக் கடைகளிலேயே அவர்கள் கணினியின் முன் அமர்ந்தனர். ஐ.சீ.கியூ. ஒருவரின் நண்பர் பட்டியலை அவர் பயன்படுத்துங் கணினியிலேயே சேமித்து வைத்தது. ஆகவே, மறுநாள் வேறொரு கணினியில் அமர்ந்தவனுக்கு நண்பர்கள் காணாமற் போயினர். கியூகியூவோ அப்பட்டியலைக் கம்பனியின் மத்திய கணினியில் வைத்தது. எந்த ஊரில், எந்தக் கடையில் அமர்ந்தாலும் நண்பர்கள் அவனைத் தொடர்ந்து வந்தனர். வேலை தேடி ஊர்விட்டு ஊர் சென்ற தொழிலாளருக்கு இது பேருதவியாயிற்று. விடுதி மாறினும், தொழிற்சாலை மாறினும், கியூகியூ இலக்கம் மாறாத முகவரியாய் நின்றது.

அக்காலத்திற் பயன்படுத்துவோர் பெருகினரேயன்றி வருமானம் பெருகவில்லை. 2001இல் தென்னாபிரிக்காவின் நாஸ்பர்ஸ் என்னும் பத்திரிகைக் கம்பனி, மூன்றரைக் கோடி டொலருக்குங் குறைவான தொகைக்கு டென்சென்டின் பங்குகளில் 46.5 சதவீதத்தை வாங்கிக்கொண்டது. பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டோர் செய்த முதலீடுகளுள் இதனினும் பெரும்பலன் தந்தது வேறொன்றைக் காண்பது அரிது. 2010 மார்ச்சில் ஒரே வேளையிற் கியூகியூவில் இருந்தோர் தொகை 10 கோடியைத் தாண்டிற்று.

ஆனால் அவ்வாண்டு நவம்பரில் நிகழ்ந்த ஒரு சம்பவம், அப்பெருக்கத்தின் மறுபக்கத்தைக் காட்டிற்று. சீகூ 360 என்னும் மற்றொரு கம்பனியின் பாதுகாப்புச் செயலி உள்ள கணினிகளில் கியூகியூ இயங்காதென 2010 நவம்பர் 3ஆந் திகதி டென்சென்ட் அறிவித்தது. இரண்டிலொன்றைத் தெரிந்துகொள்ளுமாறு கோடிக்கணக்கான மக்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர். அரசாங்கந் தலையிட்டே சச்சரவு தணிந்தது. கதவைத் திறந்தவனுக்கு அதனை அடைக்கும் வல்லமையும் உண்டென்பதை மக்கள் முதன்முதலாக உணர்ந்தது அன்றுதான்.

குரல் பெற்ற கடிதம்

கணினியின் காலம் போய்க் கையடக்கத் தொலைபேசியின் காலம் வந்தது. 2010 ஒக்டோபரில் கனடாவிலிருந்து 'கிக்' என்னுஞ் செய்திச் செயலி வெளிவந்தது. அதனைக் கண்ட ஜாங் சியாவ்லோங், அத்தகைய ஒன்றை நாமும் ஆக்குதல் வேண்டுமென மா ஹுவாடெங்கிற்கு எழுதினார். 1990களில் 'பொக்ஸ்மெயில்' என்னும் மின்னஞ்சற் கருவியைத் தனியொருவராய் ஆக்கிப் புகழ் பெற்றவர் இவர். அக்கருவியை டென்சென்ட் 2005இல் வாங்கியபோது அதனுடன் வந்து சேர்ந்தவர். குவாங்சோ நகரில் அவரது சிறு குழு மூன்று மாதத்துக்குள் வேலையை முடித்தது. 2011 ஜனவரி 21ஆந் திகதி வெய்சின் வெளிவந்தது. ஷியோமி கம்பனியின் 'மிலியாவ்' ஒரு மாதம் முந்தி வந்திருந்தது. டென்சென்டின் வேறொரு குழுவும் இதே முயற்சியில் ஈடுபட்டிருந்தது. சொந்தப் பிள்ளையாகிய கியூகியூவுக்குப் போட்டியாக இன்னொரு பிள்ளையை வளர்க்க அக்கம்பனி அஞ்சவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தொடக்கத்தில் வெய்சினைப் பெரிதும் மதித்தாரில்லை. 2011 மே மாதம் அது குரலைச் சேர்த்துக்கொண்டது. பொத்தானை அழுத்திப் பேசினால் அப்பேச்சே மடலாக மறுமுனைக்குச் செல்லும். சீன எழுத்துக்கள் ஆயிரக்கணக்கின. தொலைபேசியில் அவற்றைப் பதிக்க, உரோம எழுத்தில் உச்சரிப்பை எழுதி உரியதைத் தேர்ந்தெடுக்கும் முறையே பெருவழக்கு. கல்லூரி மாணவனுக்கு அது விளையாட்டு. கிராமத்துப் பாட்டிக்கோ பெரும்பாடு. தன் ஊர்ப் பேச்சன்றிப் பொதுச்சீனம் அறியாத முதியோருக்கு அது இயலாத காரியம். குரல்மடல் வந்ததும் இத்தடை நீங்கிற்று. மகனும் மருமகளும் தொலைதூரத் தொழிற்சாலையில் உழைக்க, பேரப்பிள்ளையைக் கிராமத்தில் வளர்க்கும் முதியோர் சீனத்திற் பலர். அவர்கள் தம் சொந்தப் பேச்சிலேயே பிள்ளையின் சுகத்தைச் சொல்லி அனுப்பினர். வேலை முடிந்து விடுதிக்கு வந்த மகன் அதனைக் கேட்டான். பெரும் விஞ்ஞான சாதனையன்று இது. மனிதரின் தேவையை அறிந்து செய்த சிறு உதவி. வளர்ச்சியின் வித்து அங்கேதான் இருந்தது.

2012 மார்ச்சில் பயன்படுத்துவோர் 10 கோடியாயினர். அடுத்த மாதம் படங்களையும் எண்ணங்களையும் நண்பருடன் பகிரும் பகுதி சேர்ந்தது. அதில் ஒருவரின் படத்துக்கு வந்த மறுமொழிகளை, இருவருக்கும் பொதுவான நண்பரே காண முடியும். சந்தைக் கூச்சலாக அமையாது, வீட்டு முற்றத்துப் பேச்சாக அது அமைந்தமை மக்களைக் கவர்ந்தது. வெளிநாட்டுப் போட்டியும் பெரிதாக இல்லை. பேஸ்புக்கை 2009இலேயே சீன அரசாங்கந் தடுத்துவிட்டது. ஆயினும் மதில் மட்டும் பயிரை வளர்ப்பதில்லை. அதே மதிலுக்குள் மிலியாவும், சைனா மொபைல் கம்பனியின் செய்திச் சேவையும் வாடிப்போயின.

சிவப்புப் பொதியின் மாயம்

புதுவருடத்தன்று பெரியோர் இளையோருக்குக் காசு கொடுக்கும் கைவிசேட வழக்கத்தை நாம் அறிவோம். சீனரும் தம் புதுவருடத்திற் சிவப்புக் காகித உறையிற் பணம் வைத்து வழங்குவர். 2013 ஆகஸ்டிற் பணஞ் செலுத்தும் வசதியைப் பெற்ற வீசாட், 2014 ஜனவரியில் இவ்வழக்கத்தைச் செயலிக்குள் கொண்டுவந்தது. குடும்பக் குழுவில் ஒருவர் ஒரு தொகையை இடுவார். முந்தித் தொட்டோருக்கு அது ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்படும். ஒருவருக்கு எட்டு யுவான், மற்றவருக்குச் சில சதம். காசு சிறிது, சிரிப்புப் பெரிது. ஆனால் அக்காசைக் கைக்கொள்ள வேண்டுமாயின் வங்கிக் கணக்கைச் செயலியுடன் இணைத்தல் வேண்டும். பல ஆண்டு விளம்பரத்தால் ஆகாத காரியம் ஒரு புதுவருட விளையாட்டால் ஆயிற்று. 2015இல் நாடெங்கும் பார்க்கும் புதுவருடத் தொலைக்காட்சி நிகழ்ச்சியுடன் வீசாட் கைகோத்தது. பரிசுப் பொதியை நாடித் தொலைபேசியைக் குலுக்கியோர், அவ்விரவில் ஆயிரங் கோடி தடவைக்கு மேற் குலுக்கினர்.

பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. ஜப்பானியர் 1994இல் ஆக்கிய கறுப்பு வெள்ளைச் சதுரக் குறியை அச்சிட்டுத் தொங்கவிட்டால், வீதியோரத்திற் சுட்ட வற்றாளைக் கிழங்கு விற்பவரும் பணம் பெறலாம். வேறு செயலிகளின் வேலையைத் தன்னுள்ளேயே செய்யும் 'சிறுநிரல்கள்' 2017 ஜனவரியில் வந்தன. ரயிற் சீட்டு, மின்கட்டணம், வைத்தியசாலை முன்பதிவு ஆகியன உட்புகுந்தன. 2018இற் பயன்படுத்துவோர் 100 கோடியைத் தாண்டினர். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பது நம்மவர் பழமொழி. இங்கே பிடுங்கல் எதுவுமில்லை. மக்களே விரும்பி ஒவ்வோர் அறையாகத் திறந்துவிட்டனர்.

கதவு அடைபடும்போது

இம்மாளிகையின் அருமையையும் ஆபத்தையும் ஒருங்கே காட்டியது கொரோனாக் காலம். 2019 டிசம்பர் 30ஆந் திகதி, வூஹான் நகரக் கண் வைத்தியர் லி வென்லியாங், தம்முடன் மருத்துவம் பயின்றோரின் வீசாட் குழுவில், சார்ஸ் போன்ற நோயால் எழுவர் பீடிக்கப்பட்டிருப்பதாக எழுதி எச்சரித்தார். நண்பருக்கு நண்பர் எழுதிய மடலே அது. எனினும் அது வெளியிற் பரவ, 2020 ஜனவரி 3ஆந் திகதி பொலிசார் அவரை அழைத்துக் கண்டித்துக் கையொப்பம் வாங்கினர். அந்நோயாலேயே அவர் பெப்ரவரி 7ஆந் திகதி இறந்தார். அக்கண்டனத்தை மார்ச் மாதம் பொலிசார் மீளப்பெற்று, அவர் குடும்பத்திடம் மன்னிப்புக் கோரினர். அவ்வாண்டின் முதல் ஆறு வாரங்களில், கொரோனா பற்றிய 516 சொற்றொடர்ச் சேர்க்கைகள் வீசாட்டில் தடுக்கப்பட்டிருந்தமையை ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் 'சிற்றிசன் லாப்' ஆய்வாளர் கண்டறிந்தனர். அத்தகைய சொற்கள் அடங்கிய செய்தி மறுமுனையைச் சேருவதில்லை. அது சேரவில்லையென்பதும் அனுப்பியவருக்குத் தெரிவதில்லை.

அதே வூஹான் 76 நாள் பூட்டப்பட்டிருந்தபோது, அடுக்குமாடி வீட்டார் அரிசியும் மரக்கறியும் கூட்டாக வாங்கி உயிர் வாழ்ந்ததும் வீசாட் குழுக்களாலேயே என்பதை மறத்தலாகாது. பின்னர் நாடெங்கும் வந்தது உடல்நலக் குறி. தொலைபேசியில் பச்சை நிறங் காட்டினாலன்றிப் பேருந்திலும் கடையிலும் நுழைதல் அரிதாயிற்று. தக்க தொலைபேசி இல்லாத முதியோர் வாயிலிலே நின்று தவித்தனர். அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 26 கோடிக்கு அதிகமாயுள்ள நாட்டில் இது சிறு குறையன்று. அவர்களுக்கு மாற்றுவழி வைத்தல் வேண்டுமென 2020 நவம்பரில் அரசாங்கமே பணித்தது.

கதவு வெளியிலிருந்தும் அடைபடலாம். 2020 யூன் மாதம், எல்லைச் சச்சரவையடுத்து இந்திய அரசாங்கம் 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. வீசாட்டும் அவற்றுள் ஒன்று. தர்மசாலை முதலிய இடங்களில் வாழும் திபெத்திய அகதிகளுக்கு, திபெத்திலுள்ள தாய் தந்தையருடன் பேசுவதற்கு இருந்த எளிய வழி அதுவே. கண்காணிக்கப்படும் வழியென்று அறிந்தும், வேறு வழியின்மையால் அதனையே நம்பியிருந்தவர்கள் அவர்கள். இரு பெரிய அரசுகளின் பிணக்கிடையே அந்தக் குரல்களும் நின்றுபோயின. அதே ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி பிறப்பித்த தடையை, அங்குள்ள பயனாளர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் நிறுத்திவைத்தது; 2021இல் அடுத்த ஜனாதிபதி அதனை நீக்கினார்.

ஆகவே வீசாட்டின் வளர்ச்சியை வெறும் வியப்பாகவோ வெறும் அச்சமாகவோ நோக்குதல் பொருந்தாது. பாட்டியின் குரலைப் பேரனிடம் சேர்த்ததும் அதுவே. வைத்தியரின் எச்சரிக்கையைத் தாங்கியதும், அவ்வெச்சரிக்கை பற்றிய சொற்களை விழுங்கியதும் அதுவே. குறை வசதியில் இல்லை. எல்லா வசதிக்கும் ஒரே வாயில் என்பதில் இருக்கிறது. இதனைச் சீனரும் அறியாதவரல்லர். காகிதப் பணத்தை வாங்க மறுத்தலாகாதென 2018இலேயே அந்நாட்டு மத்திய வங்கி கடைகளுக்கு உத்தரவிட்டது. கிழவியொருத்தி நாணயத்தை நீட்டிக் கீரை வாங்கும் உரிமை, நாகரிகத்துக்குப் பின்னடைவன்று. மாளிகைக்கு இன்னொரு வாயிலாகும்.

'வெய்சின்' என்பதன் பொருள் நுண்மடல். அதில் 'சின்' என்னுஞ் சீன எழுத்துக்குக் கடிதம் என்பது ஒரு பொருள். நம்பிக்கை என்பது மற்றொரு பொருள். கடிதத்தை எவரும் பிரித்துப் பாரார் என்னும் நம்பிக்கையிலேயே மனிதன் கடிதம் எழுதுகிறான். நூற்று முப்பத்தெட்டுக் கோடி மக்கள் எழுதும் மடல்களை ஏந்திச் செல்லும் கம்பனியும், அதனை ஆளும் அரசும், அவ்வெழுத்தின் முதற்பொருளை நன்கு நிறைவேற்றிவிட்டன. இரண்டாம் பொருளை நிறைவேற்றுங் கடமை இன்னும் எஞ்சியிருக்கிறது.